வீரருக்கு மட்டும் வாய்ப்பூட்டு

அந்தமான் தலைநகரில் ஒரு மைதானம் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் அதற்கு ஜிம்கானா மைதானம் என்று பெயர். இப்போது நேதாஜி ஸ்டேடியம். 1943 டிசம்பர் 30ஆம் தேதி சுபாஷ் சந்திர போஸ் மூவர்ணக் கொடியை ஏற்றியது அங்கேதான். சரியாக 75 ஆண்டு கழித்து, 2018இல் அதே தேதியில், பிரதமர் நரேந்திர மோடி அதே ஸ்டேடியத்தில் பேசி மூன்று தீவுகளுக்குப் புதுப் பெயர் சூட்டினார். பந்து உருள வேண்டிய இடத்தில் அரசியல் எதற்கு என்று இரண்டு முறையும் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

1943 கொடியேற்றத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தீவுகள் அப்போது ஜப்பானியரின் பிடியில் இருந்தன. இந்திய சுதந்திர லீகின் உள்ளூர்த் தலைவரான டாக்டர் திவான் சிங், ஒற்றர் என்ற குற்றச்சாட்டில் அதே ஊரின் செல்லுலர் சிறையில் சித்திரவதைப்பட்டுக் கொண்டிருந்தார். உள்ளூர் மக்கள் போஸை நெருங்கிப் பேச ஜப்பானியர் இடம் கொடுக்கவில்லை. விழா முடிந்து இரண்டே வாரத்தில், 1944 ஜனவரி 14ஆம் தேதி, திவான் சிங் இறந்தார். மைதானத்தில் மேடை இருந்தது, கொடி இருந்தது, கூட்டம் இருந்தது. பேச வேண்டிய விஷயம் மட்டும் வெளியே வரவில்லை.

விளையாட்டில் அரசியலுக்கும் சமூகப் போராட்டத்துக்கும் இடம் உண்டா என்ற விவாதம் எழும்போதெல்லாம் இந்த மைதானத்தை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. ஏனென்றால், இந்தியாவில் இந்தக் கேள்வி எப்போதும் ஒரே ஒருவரைப் பார்த்துத்தான் கேட்கப்படுகிறது. அவர் களத்தில் ஆடுபவர். களத்தின் சாவியை வைத்திருப்பவரை யாரும் கேட்பதில்லை.

சாவி யாரிடம் இருக்கிறது? அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் தலைமையில் 2009 முதல் 2022 வரை இருந்தவர் மத்திய அமைச்சராகவும் இருந்த பிரஃபுல் படேல். 2005 முதல் 2008 வரை கிரிக்கெட் வாரியத்தின் தலைவர் சரத் பவார்; அப்போது அவர் நாட்டின் விவசாய அமைச்சர். டெல்லி கிரிக்கெட் சங்கத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவர் அருண் ஜேட்லி. கட்சி எதுவானாலும் இதில் வேற்றுமை இல்லை. சங்கத் தேர்தல், ஸ்டேடியத்தின் பெயர், பரிசளிப்பு விழாவில் நடுநாயகமாக உட்காருபவர் என்று எல்லாமே அரசியல். அதில் ஓடி வியர்வை சிந்துகிறவர் வாய் திறந்தால்தான் விளையாட்டின் புனிதம் கெட்டுவிடுகிறது.

ஆடுபவரின் நிலைமை என்ன? கோடிகளில் புரளும் கிரிக்கெட்காரர்களை விட்டுவிடுங்கள். மல்யுத்தம், சைக்கிள், தடகளம், ஹாக்கி என்று மற்ற ஆட்டங்களில் இந்திய வீரர் என்பவர் பெரும்பாலும் ரயில்வே, போலீஸ், ராணுவம், பொதுத்துறை நிறுவனம் ஏதாவது ஒன்றின் ஊழியர். அமெரிக்காவில் தொழில்முறை வீரரின் முதலாளி ஒரு கிளப். இங்கே முதலாளி சர்க்கார். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. ரயில்வேயின் விதிகள் 1966. அரசின் கொள்கையைப் பகிரங்கமாகக் குறை சொல்லக் கூடாது, கட்சியில் சேரக் கூடாது என்று அவை கட்டளையிடுகின்றன. கோப்புகளைக் கையாளும் குமாஸ்தாவுக்காக எழுதப்பட்ட விதிகள் ஒலிம்பிக் பதக்கக்காரருக்கும் பொருந்தும். வேலை, விடுப்பு, பயிற்சி முகாம், வெளிநாட்டுப் பயணம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், ஒரு சொல் தவறினால் எல்லாம் சேர்ந்து போகும்.

தீவிலிருந்து வருகிறவருக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல். கார் நிக்கோபார் அங்கிருந்தும் 270 கிலோமீட்டர் தெற்கே. அங்கே பிறந்த ஒரு பெண் தேசிய வீராங்கனையாக வேண்டுமானால் இந்திய விளையாட்டு ஆணையத்தின் விடுதி, அதன் சாப்பாடு, அதன் பயிற்சியாளர், அது எடுத்துத் தரும் விமான டிக்கெட் ஆகியவற்றை நம்பியே வளர வேண்டும். கோபித்துக்கொண்டு வேறு கிளப்புக்குப் போக, வேறு கிளப் கிடையாது.

டெபோரா ஹெரால்டு அப்படி வளர்ந்தவர். 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி கார் நிக்கோபாரைப் புரட்டிப் போட்டபோது அவருக்கு வயது 9. மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் பிழைத்தார். பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு, 2015 இறுதியில், 500 மீட்டர் சைக்கிள் டைம் டிரையல் பிரிவின் உலகத் தரவரிசையில் 4ஆம் இடத்தில் அவர் பெயர் இருந்தது. அதே தீவுக்கூட்டத்திலிருந்து வந்த எசோ ஆல்பன் 2018 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் கெய்ரின் பிரிவில் வெள்ளி வென்றார். சைக்கிளில் உலக அளவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. இந்த வெற்றிகளைக் கொண்டாட மேடைகளுக்குக் குறைவில்லை. சுனாமிக் கதையும் ஒவ்வொரு மேடையிலும் சொல்லப்பட்டது.

2022 ஜூனில் வேறொரு கதை வெளியே வந்தது. ஸ்லோவேனியாவுக்குப் பயிற்சிக்குப் போயிருந்த இந்திய சைக்கிள் வீராங்கனை ஒருவர், தலைமைப் பயிற்சியாளர் தன்னிடம் முறைகேடாக நடந்துகொண்டதாகப் புகார் செய்தார். புகாருக்கு முகாந்திரம் உண்டு என்று விசாரணைக் குழு சொன்னது. அணி திருப்பி அழைக்கப்பட்டது. பயிற்சியாளரின் ஒப்பந்தம் ரத்தாயிற்று. அதற்குப் பிறகுதான் டெபோராவும் பத்திரிகையிடம் பேசினார். தேசிய முகாமில் இருந்த நாட்களில் தான் அடிபட்டதாகவும் பாரபட்சத்துக்கு ஆளானதாகவும் சொன்னார். அது அவர் தரப்புக் குற்றச்சாட்டு. ஆனால் காலவரிசை கவனிக்கத் தக்கது. இன்னொருத்தி துணிந்து முன்னால் நடந்த பிறகே, வருடக் கணக்கில் உள்ளே கிடந்த பேச்சு வெளியே வந்தது.

இதை அரசியல் என்பதா? தன் உடம்புக்கும் மானத்துக்கும் பாதுகாப்புக் கேட்பது வேலை செய்யும் எவருக்கும் உள்ள உரிமை. மில் தொழிலாளி கேட்டால் தொழிற்சங்க உரிமை. ஆபீசில் ஒரு பெண் கேட்டால் 2013ஆம் ஆண்டுச் சட்டம் துணைக்கு வருகிறது. விளையாட்டு வீராங்கனை கேட்டால் மட்டும் கட்டுப்பாடு, தேசத்தின் பெயர் என்ற சொற்கள் குறுக்கே வந்து நிற்கின்றன.

மல்யுத்த வீராங்கனைகளுக்கு நேர்ந்தது இதுதான். 2023 ஜனவரியில் டெல்லி ஜந்தர் மந்தரில் வினேஷ் போகாட், சாக்ஷி மாலிக், பஜ்ரங் புனியா உள்ளிட்டோர் உட்கார்ந்தார்கள். மல்யுத்த சம்மேளனத்தின் தலைவரும் அப்போது ஆளும் கட்சி எம்.பி.யாகவும் இருந்த பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் தொந்தரவுப் புகார். முதல் முறை வந்தபோது மேடையேற முயன்ற அரசியல்வாதிகளை அவர்களே கீழே இறங்கச் சொன்னார்கள். நடவடிக்கை வரவில்லை. ஏப்ரலில் மறுபடியும் உட்கார்ந்து, உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டிய பிறகுதான் போலீஸ் வழக்கே பதிவு செய்தது.

வீதியில் உட்காருவது ஒழுங்கீனம், நாட்டின் பெயருக்குக் களங்கம் என்று அந்த ஏப்ரலில் கருத்துச் சொன்னவர் இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர் பி.டி. உஷா. சில நாள் கழித்து அவர் நேரில் போய் வீராங்கனைகளைச் சந்தித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவர் அப்போது, 2022இல் நியமிக்கப்பட்ட, ராஜ்யசபை உறுப்பினரும்கூட. வீராங்கனை நாடாளுமன்றத்துக்குப் போகலாம்; நாடாளுமன்றத்துக்கு வெளியே நடைபாதையில் உட்காரக் கூடாது என்றாகிவிட்டது. மே 28ஆம் தேதி, புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட அன்று, ஊர்வலம் போக முயன்ற இவர்களைப் போலீஸ் இழுத்துச் சென்ற காட்சியை உலகமே பார்த்தது. இரண்டு நாள் கழித்து, பதக்கங்களைக் கங்கையில் எறிய ஹரித்துவார் வரை போய், விவசாயத் தலைவர்கள் தடுக்கத் திரும்பினார்கள். ஜூன் முதல் வாரத்தில் ரயில்வே வேலைக்கும் திரும்ப வேண்டியிருந்தது.

அந்த வழக்கில் 2024 மே மாதம் நீதிமன்றம் பிரிஜ் பூஷண் மீது குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது, அவர் மறுத்தார். சிறுமி ஒருவர் தொடர்பான தனி வழக்கு 2025 மே மாதம் முடித்துவைக்கப்பட்டது. குற்றமா இல்லையா என்பது நீதிமன்றத்தின் வேலை. புகாரைக் கேட்க வைக்கவே இத்தனை பாடு ஏன் என்பதுதான் நாட்டுக்கு எஞ்சும் கேள்வி.

வினேஷும் பஜ்ரங்கும் 2024 செப்டம்பரில் ரயில்வே வேலையை ராஜினாமா செய்து காங்கிரசில் சேர்ந்தார்கள். அக்டோபரில் ஜூலானா தொகுதியில் வினேஷ் எம்.எல்.ஏ. ஆனார். பார்த்தீர்களா, ஆரம்பம் முதலே இது அரசியல்தான் என்றார்கள் எதிர்த்தரப்பினர். இந்த வாதம் நிற்காது. ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு விளையாட்டு அமைச்சரே ஆனார். கௌதம் கம்பீர் 2019இல் எம்.பி. ஆனார். ஹர்பஜன் சிங் 2022இல் ஆம் ஆத்மி சார்பில் ராஜ்யசபைக்குப் போனார். அவர்கள் அடித்த ரன்களையும் வென்ற பதக்கத்தையும் யாரும் சந்தேகிக்கவில்லை. பிறகு கட்சியில் சேர்ந்ததால் முன்பு சொன்ன புகார் பொய்யாகிவிடாது.

சொல்லப்போனால், எந்த அரசியல் அனுமதிக்கப்படுகிறது என்பதைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். 2019 மார்ச்சில் ராஞ்சியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்திய அணி ராணுவத் தொப்பி அணிந்து ஆடியது. சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அனுமதி தந்தது. அதே ஆண்டு ஜூனில் உலகக் கோப்பையில் தோனியின் கையுறையிலிருந்த ராணுவச் சின்னத்தை அதே கவுன்சில் எடுக்கச் சொன்னது. 2023 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் உஸ்மான் கவாஜா, காஸாவை மனத்தில் வைத்து, எல்லா உயிரும் சமம் என்ற பொருளில் காலணியில் எழுதிக்கொண்டபோது அதற்குத் தடை. கறுப்புப் பட்டை அணிந்ததற்குக் கண்டனம். விதி ஒன்றுதான், வீச்சு ஆளுக்கு ஆள் மாறுகிறது.

உள்நாட்டிலும் அப்படியே. 2020 டிசம்பரில் விவசாயிகளுக்கு ஆதரவாக விருதுகளைத் திருப்பித் தரக் குடியரசுத் தலைவர் மாளிகை நோக்கி நடந்த பஞ்சாபின் முன்னாள் வீரர்களைப் போலீஸ் வழியில் நிறுத்தியது. இரண்டே மாதத்தில், பாடகி ரிஹானா விவசாயிகளைப் பற்றி ஒரு வரி எழுதியதும், நம் கிரிக்கெட் நட்சத்திரங்கள் பலர் ஏறக்குறைய ஒரே குரலில் தேச ஒற்றுமையை வலியுறுத்திச் சமூக ஊடகத்தில் எழுதினார்கள். அவர்கள் செய்ததும் அரசியல்தான். அதில் தவறும் இல்லை. ஆனால் அதை அரசியல் என்று யாரும் பெயர் சொல்லி அழைக்கவில்லை.

இவ்வளவும் ஒரு பக்கம். மறுபக்க வாதத்தையும் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. டிக்கெட் வாங்கி வந்தவர் ஆட்டம் பார்க்க வந்தவர். உபதேசம் கேட்க அல்ல. நன்றாக ஓடுகிறவருக்கு நாட்டு நடப்பும் நன்றாகத் தெரியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இதைவிட முக்கியமான ஆபத்து கட்டாயம். 2021 அக்டோபரில் டி-20 உலகக் கோப்பையின்போது, இனவெறிக்கு எதிராக எல்லா வீரர்களும் மண்டியிட வேண்டும் என்று தென்னாப்பிரிக்க வாரியம் ஆட்டத்தன்று காலையில் உத்தரவிட்டது. குவின்டன் டி காக் அந்த ஆட்டத்திலிருந்தே விலகினார். பிறகு மன்னிப்புக் கேட்டு மண்டியிட்டார். நோக்கம் எவ்வளவு உயர்ந்ததானாலும் உத்தரவு போட்டு வரவழைக்கும் மனசாட்சி மனசாட்சி அல்ல.

இன்னொரு ஆபத்தைத் தமிழ்நாடே கண்டிருக்கிறது. 2009இல் இலங்கையில் நடந்த பேரழிவு குறித்து இங்கே எழுந்த கோபம் நியாயமானது. அது போய் விழுந்த இடம்தான் நெருடலானது. 2012 செப்டம்பரில் சென்னைக்குக் கால்பந்து ஆட வந்த இலங்கைப் பள்ளிப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பத் தமிழக அரசு உத்தரவிட்டது. நேரு ஸ்டேடியத்தில் ஆட அனுமதித்த அதிகாரி தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2013 ஐ.பி.எல். போட்டியில் இலங்கை வீரர்கள் எவரும் சென்னையில் ஆடக் கூடாதென்று ஆயிற்று. தமிழரின் பெயரால் வந்த அந்தத் தடையில் சிக்கியவர்களில் ஒருவர் கண்டித் தமிழரான முத்தையா முரளிதரன். அங்கே போராடியவர்கள் வீரர்கள் அல்லர். வீரர்கள் பிறருடைய போராட்டத்துக்குச் சுங்கம் கட்டினார்கள்.

சுங்கம் கட்டிய தமிழர்களில் மூத்தவர்கள் அமிர்தராஜ் சகோதரர்கள். 1974இல் சோவியத் யூனியனை வென்று இந்தியா டேவிஸ் கோப்பையின் இறுதிக்கு வந்தது. எதிரே தென்னாப்பிரிக்கா. நிறவெறி நாட்டோடு ஆடுவதில்லை என்று இந்தியா விலகியது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. இந்தியாவின் நிலைப்பாடு சரியானது என்பதில் இன்று இரண்டு கருத்து இல்லை. ஆனால் முடிவை எடுத்தவர்கள் அதிகாரத்தில் இருந்தவர்கள். வாழ்நாளில் ஒரு முறை வரக்கூடிய வாய்ப்பை இழந்தவர்கள் விஜய், ஆனந்த் முதலான வீரர்கள். விளையாட்டில் அரசியலே கூடாது என்பவர்கள் இந்த விலகலையும் தவறென்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல எவரும் முன்வருவதில்லை.

ஆகவே அரசியல் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியே பயனற்றது. அது உள்ளேதான் இருக்கிறது. அதன் விலையை யார் கொடுப்பது, முடிவை யார் எடுப்பது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் இருவரும் கறுப்புக் கையுறை அணிந்த கைகளை உயர்த்தியது மதிப்புப் பெறுவதற்குக் காரணம், விலையைத் தாங்களே கொடுத்ததுதான். உடனே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 2005இல் அவர்கள் படித்த பல்கலைக்கழகம் அவர்களுக்குச் சிலை வைத்தது. அவர்களோடு சட்டையில் சின்னம் குத்தி நின்ற ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மனிடம் அவர் நாட்டு நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது 2012இல். அவர் இறந்து ஆறு ஆண்டு ஆகியிருந்தது.

செய்யக் கூடியவை சில உண்டு. ஆட்டம் நடக்கும் நேரத்தில் ஆட்டத்துக்கு இடைஞ்சல் கூடாது என்பது நியாயமான எல்லை. ஒலிம்பிக் கமிட்டியே 2021இல் தன் விதியைத் தளர்த்தி, போட்டி தொடங்குமுன் களத்தில் கருத்தைக் காட்ட இடம் தந்தது. பதக்க மேடையில் மட்டும் தடையை வைத்துக்கொண்டது. களத்துக்கு வெளியே வீரர் ஒரு குடிமகன். மற்றக் குடிமக்களுக்கு உள்ள வாய் அவருக்கும் இருக்க வேண்டும். பேச மறுக்கவும் அதே உரிமை உண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெற்றவர் தன் ஆட்டத்தின் நிர்வாகத்தைப் பற்றிப் பேசுவது நடத்தை விதிமீறல் ஆகாது என்று விதியிலேயே எழுதிவிடலாம். 2025 ஆகஸ்டில் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் சம்மேளன நிர்வாகக் குழுக்களில் சிறந்த வீரர்களுக்கு இடம் தர வேண்டும் என்கிறது. தகராறுகளைத் தீர்க்கத் தனித் தீர்ப்பாயம் என்கிறது. அந்த நாற்காலிகளில் உட்காரும் வீரர்கள் தலையாட்டுவதற்கா, பேசுவதற்கா என்பது போகப்போகத் தெரியும்.

தீவுகளுக்கு இது ஏட்டு விவாதம் அல்ல. கிரேட் நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம் என்று தொடக்கத்தில் 72,000 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்ட திட்டம் வருகிறது. ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காடு அதற்காகப் போகும். 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. தான் முன்பு தந்த சம்மதத்தை அங்குள்ள பழங்குடி மன்றம் திரும்பப் பெற்றதும் அதே மாதத்தில்தான். திட்டம் நல்லதா கெட்டதா என்பதில் இரண்டு தரப்பு இருக்கலாம். நாளைக்கு நிக்கோபாரிலிருந்து வரும் ஒரு வீரர் தன் உறவினர்களின் நிலத்தைப் பற்றி, ஆதரித்தோ எதிர்த்தோ, ஒரு வார்த்தை சொல்ல நினைக்கலாம். பதக்கத்தோடு அவர் இறங்கும்போது மாலையோடு விமான நிலையத்தில் நிற்கப் போகிறவர்கள், அந்த வார்த்தையைக் காது கொடுத்துக் கேட்பார்களா?

சுனாமியில் பிழைத்த சிறுமியின் கதையை இந்த நாடு சலிக்காமல் கேட்டது. அதில் குற்றவாளி கடல். யாருக்கும் சங்கடம் இல்லை. அதே பெண் பிறகு மனிதர்களைப் பற்றிச் சொன்னதை எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணிப் பார்த்தால், வாய்ப்பூட்டின் சாவி சம்மேளனங்களிடம் மட்டும் இல்லை என்பது புரியும். கைதட்டுகிறவர்களிடமும் ஒன்று இருக்கிறது.